20 லட்சம் போட்டோ இருக்கிற போல்டர் டிலீட் ஆகவே மாட்டேங்குது, கொமாண்ட்ல வேகமா அழிக்க முடியுமா?

மடுவத்துக்காரன்
வெள்ளி, இரவு 7.50

வணக்கமுங்க எல்லாருக்கும். தலவாக்கலைக்கு மேல ஒரு தோட்டத்து பெக்டரி ஒபிஸ்ல இருக்கேன், கொம்பியூட்டர் படிச்ச ஆள் இல்ல, செக்ரோல் (தொழிலாளிங்க பேர், சம்பளக் கணக்கு) போடத் தெரியும் பிரிண்ட் எடுக்கத் தெரியும் அம்புட்டுதான். பெக்டரி வாசல்லயும் கொழுந்து மடுவத்துலயும் போன வருசம் கேமரா பூட்டுனாங்க. பூட்டுனவரு ஏதாச்சும் அசைஞ்சா உடனே ஒரு போட்டோ எடுத்து கொம்பியூட்டர்ல வைக்கிற மாதிரி செட்டிங் போட்டுட்டு போயிட்டாரு. நம்ம பக்கம் அசையாதது எது சொல்லுங்க. காலையில பனி எறங்குனா அசைவு, பனி ஏறுனா அசைவு, மழை பேஞ்சா அசைவு, ராத்திரி லைட்டுக்கு பூச்சி வந்தா அதும் அசைவு. எட்டு மாசமா அது பாட்டுக்கு எடுத்து தள்ளியிருக்கு, ஒருத்தரும் பாக்கல.

நேத்து டி டிரைவ்ல எடம் இல்லேனு செக்ரோல் சொப்ட்வெயார் நின்னு போச்சி. டி டிரைவ் மொத்தமே 100 ஜிபி, அதுல இந்த கேமரா போல்டர் மட்டும் 80 ஜிபி, உள்ள 20 லட்சம் பைல். தெறந்து பாத்தா முக்கால்வாசி வெள்ளை வெளேர்னு வெறும் பனி.

சரி அழிச்சிடலாம்னு டிலீட் குடுத்தேன். கணக்குப் பாக்குது கணக்குப் பாக்குதுனு மூணு மணித்தியாலம் ஓடுச்சி, பச்சை கோடு அசையக்கூட இல்ல, நடுவுல கரண்ட் வேற போயிருச்சி. வந்தப்புறம் மறுவா குடுத்தேன், மறுவா மொதல்ல இருந்து எண்ணுது. ஷிப்ட் அமுக்கிட்டு டிலீட் குடுத்தும் அதே கதைதான். 10ஆம் திகதி சம்பளம், தொரை ரெண்டு தடவை கேட்டுட்டாரு. கறுப்பு ஜன்னல்ல கொமாண்ட் அடிச்சா சட்டுனு போயிரும்னு ஒரு தம்பி சொன்னான் ஆனா அவனுக்கும் கொமாண்ட் தெரியல. விண்டோஸ் 10, பழைய ஹார்ட் டிஸ்க். தெரிஞ்சவங்க சொல்லுங்க, புண்ணியமா போகும்.


பண்டாரவளை_கேபிள்
வெள்ளி, இரவு 8.35

அண்ணே, வழி இருக்கு, பயப்படாதீங்க. ஆனா மொதல்ல ஏன் இழுக்குதுனு வெளங்கிக்கங்க, இல்லாட்டி கொமாண்ட் அடிச்சப்புறமும் இது ஏன் இன்னும் முடியலனு ஜன்னல மூடிருவீங்க.

80 ஜிபிங்கிறது இங்க பிரச்சினையே இல்ல. 80 ஜிபில ஒரே ஒரு வீடியோ பைல் இருந்திருந்தா நீங்க கண்ணு மூடித் தொறக்கிறதுக்குள்ள போயிருக்கும். அழிக்கிறதுனா விண்டோஸ் அந்த 80 ஜிபியையும் தேய்ச்சி தேய்ச்சி வெள்ளையாக்கிறது கெடையாது, எந்த பைல் எங்க இருக்குனு அது எழுதி வச்சிருக்கிற பேரேட்டுல அந்த பைலோட வரிய மட்டும் வெட்டிட்டு, அது இருந்த எடம் இனி காலினு குறிச்சி வச்சிரும். ஒரு பைல்னா ஒரு வரி. உங்களுக்கு 20 லட்சம் வரி. ஒவ்வொரு வரிக்கும் போல்டரோட பட்டியல்ல இருந்து பேர எடுக்கணும், பேரேட்டுல வெட்டணும், காலி எடத்த குறிக்கணும், நடுவுல கரண்ட் போனா குழம்பாம இருக்க இதையெல்லாம் இன்னொரு குறிப்புலயும் எழுதணும். தட்டு சுத்துற டிஸ்க்குல ஊசி அங்கயும் இங்கயும் ஓடிக்கிட்டே இருக்கும். அதுதான் நேரம்.

இதுக்கு மேல நீங்க மவுஸ்ல டிலீட் குடுத்தா அழிக்கிறதுக்கு முன்னாடியே எத்தனை பைல் எவ்வளவு அளவுனு முழுசா எண்ணும், பச்சை கோட்டுக்கு கணக்கு வேணுமே. மடுவத்துல சாக்க தூக்கி லொறியில போடச் சொன்னா, சாக்க அவுத்து கொழுந்த ஒண்ணொண்ணா எண்ணி முடிச்சிட்டு அப்புறமா தூக்குற ஆள் மாதிரி. கரண்ட் போனா எண்ணுனதும் போச்சி. ஷிப்ட் அமுக்குனா குப்பைத்தொட்டிக்கு போகாம நேரா அழியும், அம்புட்டுதான், எண்ணுறது நிக்காது. கொமாண்ட் எண்ணாது, கைக்கு கெடைச்சத அழிச்சிக்கிட்டே போகும்.

கொமாண்ட வேணும்னேதான் தமிழ் எழுத்துல போடுறேன். கொப்பி பண்ணி ஒட்டி என்டர் தட்டுற பழக்கத்துல டிஸ்க்க காலி பண்ணிட்டு வந்து நிக்கிறவங்கள நான் நெறைய பாத்துட்டேன், அதனால ஒவ்வொரு எழுத்தா பாத்து நீங்களே இங்கிலீஷ்ல அடிங்க. ஸ்டார்ட்ட அமுக்கி சி எம் டினு மூணு எழுத்து அடிச்சா கறுப்பு ஜன்னல் வரும். அதுல

ஆர்டி /எஸ் /கியூ "டி:\கேமரா"

ஆர், டி ரெண்டும் சேத்து. எஸ்ஸும் கியூவும் முன்னால வர்ற கோடு கேள்விக்குறி கட்டையில இருக்கிறது, போல்டர் பாதையில வர்ற கோடு மத்த பக்கம் சாயிறது, மாத்திராதீங்க. எஸ்னா உள்ள இருக்கிற எல்லாத்தோடயும். கியூனா கேள்வி கேக்காத. கேமராங்கிற எடத்துல உங்க போல்டர் பேர் என்னவோ அது, கொட்டேஷன் கட்டாயம்.

இணையத்துல சில பேர் மொதல்ல டெல் கொமாண்ட்ல பைல மட்டும் அழிச்சிட்டு அப்புறம் ஆர்டி அடிக்கச் சொல்லுவாங்க. அது அழிச்ச ஒவ்வொரு பைலோட பேரையும் திரையில எழுதும், 20 லட்சம் வரி எழுதுறதே ஒரு வேலை, அத நிப்பாட்ட கடைசில ஒரு அம்புக்குறியும் நல்-ங்கிற சொல்லும் சேக்கணும். உங்களுக்கு அது தேவையில்ல, ஆர்டி ஒண்ணே போதும்.

முக்கியமா இது குப்பைத்தொட்டிக்கு போகாது, போனா போனதுதான். அதனால உள்ள வேற எதும் போல்டர் ஒளிஞ்சி கெடக்குதானு பாத்துருங்க:

டிஐஆர் /எஸ் /பி /ஏடி "டி:\கேமரா"

இதுல பைல் வராது, உள்ள இருக்கிற போல்டர் பேர் மட்டும் வரும். வாசிச்சிப் பாத்துட்டு அப்புறம் அடிங்க.


ஹட்டன்_ஸ்டூடியோ
வெள்ளி, இரவு 9.10

பண்டாரவளை தம்பி கொட்டேஷன் கட்டாயம்னு ஒரு சொல்லுல சொல்லிட்டு போயிருச்சி, அது ஏன் கட்டாயம்னு நான் சொல்றேன், காசு குடுத்து படிச்ச பாடம்.

எனக்கு போட்டோ ஸ்டூடியோ. ஈ டிரைவ்ல ரெண்டு போல்டர் வச்சிருந்தேன், ஒண்ணு கல்யாணம், இன்னொண்ணு கல்யாணம் ஓல்ட். ஓல்ட்டுங்கிறது அல்பம் குடுத்து முடிச்சது, வேணாம். மத்தது அந்த வருசம் தைக்கும் மாசிக்கும் எடுத்த புதுசு. இதே ஆர்டி கொமாண்ட யாரோ சொல்லி கத்துக்கிட்டு, கொட்டேஷன் போடாம ஈ:\கல்யாணம், ஒரு இடைவெளி, ஓல்ட்னு அடிச்சேன். அந்த இடைவெளிய அது ரெண்டு போல்டர் பேரா எடுத்துக்கும்னு எனக்கு தெரியாது. மொதப் பேரு ஈ:\கல்யாணம், அது இருக்குது, அழிக்க ஆரம்பிச்சிருச்சி. ரெண்டாவது பேரு ஓல்ட், அப்படி ஒண்ணு நான் நின்ன எடத்துல இல்ல, அதனால கடைசியில 'பைலைக் காணோம்'னு ஒரே ஒரு வரி. நானும் என்ன நெனச்சேன், கொமாண்ட் வேலை செய்யல போலனு நெனச்சிக்கிட்டு ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு வந்து பாக்குறேன், ஓல்ட் அப்படியே கெடக்கு, புதுசு ரெண்டு மாசம் காணோம்.

பதினோரு கல்யாணம். ஒண்ணும் அழிச்சத எடுக்கிற சொப்ட்வெயார் போடாம, அந்த டிஸ்க்குல ஒண்ணும் எழுதாம, அப்படியே கழட்டி எடுத்துக்கிட்டு கண்டிக்கு பஸ் ஏறுனேன். சுத்துற டிஸ்க்குனால ஒம்பது கல்யாணம் திரும்ப வந்திச்சி, பேரெல்லாம் போயி வெறும் நம்பரா வந்திச்சி. தட்டு சுத்தாத புது மாதிரி எஸ்எஸ்டி டிஸ்க்கா இருந்திருந்தா ஒண்ணும் கெடைச்சிருக்காதுனாரு, அழிச்ச எடத்த அது பின்னாடியே தொடச்சி விட்டுருமாம். மத்த ரெண்டு வீட்டுக்கும் நேர்ல போயி நின்னேன். ஒரு வீட்டுல பொண்ணோட அம்மா ஒண்ணும் பேசாம டீ ஊத்திக் குடுத்தாங்க, ஏசியிருந்தா கூட பரவாயில்ல.

அண்ணே, கொட்டேஷன் போட்டு முடிச்சிட்டு என்டர் தட்டாம ஒருக்கா சத்தமா வாசிச்சிப் பாருங்க. கடைசியில இருக்கிறது நீங்க அழிக்கணும்னு நெனக்கிற போல்டர்தானா. வெறும் டி:\ மட்டும் நிக்குதுனா கைய எடுங்க.


மடுவத்துக்காரன்
வெள்ளி, இரவு 10.05

ரெண்டு பேருக்கும் கோடி நன்றி. நெஞ்சு படபடங்குது, ஏன்னு கேளுங்க.

பண்டாரவளை தம்பி சொன்ன அந்த போல்டர் பாக்குற கொமாண்ட அடிச்சேன். திகதி திகதியா ஓடிக்கிட்டே வந்திச்சி, கடைசியில பாத்தா செக்ரோல் பெக்கப்னு ஒரு போல்டர். எனக்கு முன்னாடி இருந்த கிளாக்கர் ஐயா, பென்ஷன் போயிட்டாரு, அவரு எங்க வைக்கிறதுனு தெரியாம கேமரா போல்டருக்குள்ளயே மாசா மாசம் பெக்கப் எடுத்து வச்சிருக்காரு. ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) கணக்கெல்லாம் அதுக்குள்ள. மவுஸ்ல குடுத்த டிலீட் மட்டும் ஓடி முடிஞ்சிருந்தா நான் இன்னைக்கு எங்க நின்னிருப்பேனோ. அந்த கரண்ட் போனதுக்கு முருகனுக்கு ஒரு தேங்கா உடைக்கணும். பெக்கப்ப பென் டிரைவ்ல ஏத்தி ரெண்டு தடவை தெறந்து பாத்துட்டேன்.

அப்புறம் கொமாண்ட் அடிச்சேன், இன்னொருத்தர் அந்த பைல பாவிச்சிக்கிட்டு இருக்காங்கங்கிற மாதிரி இங்கிலீஷ்ல ஒரு வரி வருது. ஒபிஸ்ல நான் மட்டும்தான் இருக்கேன். இது என்ன? அட்மினா தெறந்து அடிக்கணுமா?


நானுஓயா_பிள்ளை
வெள்ளி, இரவு 10.20

அண்ணா அட்மினா தெறக்காதீங்க, அவசியம் இல்ல. அட்மினா தெறந்தா கறுப்பு ஜன்னல் விண்டோஸோட சிஸ்டம்32 போல்டருக்குள்ளதான் நிக்கும், அங்க நின்னுக்கிட்டு முழுப் பாதை குடுக்காம ஏதாவது அழிக்கப் போனா என்ன ஆகும்னு யோசிச்சிப் பாருங்க. இன்னொண்ணு, சிடினு அடிச்சி டி டிரைவ் போல்டர் பேர குடுத்தா டி டிரைவுக்கு போயிட்டோம்னு நெனச்சிருவாங்க, ஆனா போகாது, சி டிரைவ்லயேதான் நிக்கும். சிடிக்கு பின்னால /டி சேத்தாத்தான் டிரைவ் மாறும். நான் கெம்பஸ் மொத வருசத்துல இதுல மாட்டியிருக்கேன், நல்ல வேளை அது வெறும் எசைன்மென்ட்.

பாவிச்சிக்கிட்டு இருக்கிறது உங்க கேமரா சொப்ட்வெயார்தான். நீங்க அழிக்க அழிக்க அது புதுசா எடுத்துப் போட்டுக்கிட்டே இருக்கு. கீழ மணி காட்டுற எடத்துக்கு பக்கத்துல ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும், அத அமுக்கி கேமரா படத்து மேல ரைட் கிளிக் பண்ணி எக்சிட் குடுங்க. அப்புறம் கேமரா போல்டரோட பேர மாத்துங்க, கேமரா பழசுனு ஏதாச்சும். 20 லட்சம் பைல் இருந்தாலும் போல்டர் பேர மாத்துறது ஒரு நொடிதான், உள்ள இருக்கிறத அது தொடுறதே இல்ல. பேர் மாறிட்டா ஒருத்தரும் பிடிச்சிக்கிட்டு இல்லனு அர்த்தம், கேமராவும் இனி அதுக்குள்ள எழுதாது, நீங்க ஆறுதலா அழிக்கலாம்.

அப்படியும் சில போல்டர் போகாம பாதை நீளம்னு சொன்னா, அதாவது பேரெல்லாம் சேந்து 260 எழுத்துக்கு மேல போயிட்டா, ரோபோகொப்பினு ஒண்ணு விண்டோஸ்லயே இருக்கு. காலியா ஒரு போல்டர் செஞ்சிக்கிட்டு

ரோபோகொப்பி "டி:\காலி" "டி:\கேமரா_பழசு" /எம்ஐஆர் /என்எப்எல் /என்டிஎல்

மொதல்ல இருக்கிறத மாதிரியே ரெண்டாவத ஆக்குனு சொல்றோம், மொதல்ல இருக்கிறது காலி, அதனால ரெண்டாவதும் காலி. ரெண்டாவதா எழுதுறதுதான் காலியாகும், அத மனசுல வச்சிக்கங்க. கடைசி ரெண்டும் ஒவ்வொரு பேரையும் திரையில எழுதாம இருக்கிறதுக்கு.

லினக்ஸ்காரங்க யாராவது இத வாசிச்சா, அங்கயும் இதே கூத்துதான். போல்டருக்குள்ள போயி ஆர்எம் போட்டு நட்சத்திரக்குறி போட்டா பட்டியல் ரொம்ப நீளம்னு திருப்பி அனுப்பிரும், ஏன்னா ஷெல், அதாவது நாம அடிக்கிற கொமாண்ட வாங்கி ஓட்டுற புரோகிராம், அந்த நட்சத்திரத்த எல்லா பைல் பேராவும் விரிச்சி ஒரே கொமாண்டா குடுக்கப் பாக்குது. ஃபைன்ட் கொமாண்ட்ல -டிலீட் சேத்தா அந்த தொல்லை இல்ல, இல்லாட்டி போல்டரோட பேர குடுத்து ஆர்எம் -ஆர்எப். ஆர்எம் -ஆர்எப்ல போல்டர் பாதையில வர்ற சாய்ஞ்ச கோடுக்கு பின்னால தெரியாம ஒரு இடைவெளி விட்டா என்ன நடக்கும்னு ஹட்டன் அண்ணன் கதைய லினக்ஸுக்கு மாத்தி யோசிச்சிக்கங்க.


பண்டாரவளை_கேபிள்
வெள்ளி, இரவு 10.45

தங்கச்சி சொன்னது சரி. அண்ணே, நடுவுல கரண்ட் போனாலும் கலங்க வேணாம், அழிஞ்சது அழிஞ்சதுதான், மிச்சம் அப்படியே இருக்கும், கரண்ட் வந்தப்புறம் அதே கொமாண்ட மறுவா அடிச்சா மிச்சத்துல இருந்து போகும். எண்ணுறதுனு ஒண்ணு இல்லாததால நஷ்டம் இல்ல. வைரஸ் கார்ட, அதாவது வைரஸ் வராம காவல் பாக்குற சொப்ட்வெயார, நிப்பாட்டுனா கொஞ்சம் வேகம் கூடும், ஒவ்வொரு பைல தொடுறப்பவும் அதும் எட்டிப் பாக்கும், ஆனா ஒபிஸ் கொம்பியூட்டர்ல அத நிப்பாட்டுங்கனு நான் சொல்ல மாட்டேன். ராத்திரிக்கு ஓட விட்டுட்டு போங்க.

திரையில ஒண்ணும் வராது, கோடு மட்டும் மின்னிக்கிட்டு இருக்கும். அது தொங்கல. வேலை செய்யுது.


மடுவத்துக்காரன்
சனி, காலை 7.15

முடிஞ்சிருச்சி!! பேர் மாத்துறது நெசமாவே ஒரு நொடிதாங்க. 11 மணிக்கு அடிச்சேன், சத்தமா வாசிச்சேன், வாட்சர் ஐயா என்னப்பா மந்திரம் ஓதுறேனு கேட்டாரு. பெட்டிக்குள்ள கிர்ர் கிர்ர்னு சத்தம், திரையில ஒண்ணும் இல்ல, பாத்துக்கிட்டே இருந்தேன், ஒரு மணிக்கு கொஞ்சம் முன்னாடி மறுவா கொமாண்ட் அடிக்கிற வரி வந்து நின்னுச்சி. ரெண்டு மணித்தியாலம் கூட இல்ல. செக்ரோல் தெறக்குது.

ஒரே ஒரு சந்தேகம். கணக்குப் பாத்தா ஒரு 2 ஜிபி குறையுது, வர வேண்டிய அளவு எடம் முழுசா வரல. ஏதாச்சும் ஒளிஞ்சி கெடக்குதா? அப்புறம் 30 நாளைக்கு முந்தின போட்டோ தானா அழியிற மாதிரி செய்ய முடியுமா?


பண்டாரவளை_கேபிள்
சனி, காலை 8.00

ஒளிஞ்சி கெடக்கல. நேத்து பேரேடுனு சொன்னேனே, அதுக்கு எம்எப்டினு பேர். ஒரு பைலுக்கு அதுல 1 கேபி எடம். 20 லட்சம் பைலுக்கு ஏறக்கொறைய 2 ஜிபி, உங்க கணக்கு அச்சொட்டா சரி. வரிய வெட்டுனாலும் பேரேட்டுல இருந்து தாளக் கிழிக்காது, வெத்துத் தாளாவே வச்சிருக்கும், புது பைல் வந்தா அந்தத் தாள்லயே எழுதும். டிரைவ போர்மட் பண்ணுனாத்தான் சுருங்கும். 2 ஜிபிக்காக அதெல்லாம் வேணாம், விட்டுருங்க.

தானா அழிக்கிறதுக்கு போர்பைல்ஸ்னு ஒரு கொமாண்ட் இருக்கு, இத்தனை நாளுக்கு முந்தினதுனு சொல்லலாம். ஆனா அது ஒவ்வொரு பைலுக்கும் ஒரு புது சிஎம்டிய தெறந்து மூடும், லட்சக்கணக்குல இருந்தா மாடு மாதிரி இழுக்கும். உங்க சொப்ட்வெயார்தான் திகதி திகதியா போல்டர் போடுதே, பழைய திகதி போல்டர மாசத்துக்கு ஒருக்கா ஆர்டியில தட்டிவிடுங்க. அத விட கேமரா செட்டிங்குள்ள போயி அசைவு பாக்குற எடத்த கட்டம் போட்டு குறைங்க. வானமும் மலையும் வேணாம், தராசும் வாசலும் மட்டும் போதும். உணர்திறன்னு ஒரு அளவு இருக்கும், அதையும் பாதிக்கு எறக்குங்க.


ஹட்டன்_ஸ்டூடியோ
சனி, காலை 9.30

பெக்கப்ப மறுவா கேமரா போல்டருக்குள்ளயே வச்சிறாதீங்க அண்ணே.


மடுவத்துக்காரன்
திங்கள், மாலை 5.40

இல்லீங்க, அது இப்ப ரெண்டு பென் டிரைவ்ல, ஒண்ணு எங்கிட்ட ஒண்ணு தொரைகிட்ட. கேமராவுக்கு தராசு மேல மட்டும் கட்டம் போட்டாச்சி. இன்னைக்கு காலையில நல்ல பனி, எதிர்ல நிக்கிற ஆள் தெரியல. சாயங்காலம் போல்டர தெறந்து பாத்தேன், 212 போட்டோ. அதுல 30, 40 ஒரு நாய்தான், தராசுக்கு கீழ வந்து படுத்துக்கிட்டு எந்திரிக்கவே இல்ல.